பட்டினிப் பொறி

மார்ச் 3

மோப்பிக்கு மாமா எழுதுவது.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கிடங்கு வாசலில் தபால்காரர் என்னைக் கூப்பிட்டதும் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் முதுகில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மேலே "பூச்சி ஆராய்ச்சி நிலையம்" என்று அச்சடித்திருந்ததை நான்தான் அவர்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இப்போது இங்கே எனக்குப் பெயர் விஞ்ஞானி. நானாக வைத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை.

நீ எழுதி வைத்தபடியே செய்துவிட்டேன். வாசனை ரப்பர் வைத்த பொறியைக் கிடங்கின் அந்தக் கோடியில், பாதாம் மூட்டைகளுக்கு மேலே தொங்கவிட்டேன். வாசனை இல்லாத வெறும் பொறியை இந்தக் கோடியில், என் மேசைக்கு மேல் தூணில் மாட்டினேன். இரண்டும் அட்டையில் மடித்த சின்னக் கூடாரம் மாதிரி அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு விருந்து, ஒன்றுக்குப் பட்டினியா? தலைக்கு மேல் வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. நான் அதற்குப் பட்டினிப் பொறி என்று பெயர் வைத்துவிட்டேன்.

மீதி மூன்று வாசனைப் பொட்டலங்களைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தாய். எங்கள் மேலாளர் இருமலிடம் கேட்டேன். (ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு இருமல் போடுவார். அதனால் அந்தப் பெயர்.)

"சார், இதக் கொஞ்சம் உங்க பெட்டியில வைக்கணும்."

"என்னதுய்யா அது?"

"பொம்பளை அந்துப்பூச்சியோட வாசனை சார். ஆம்பளைப் பூச்சியெல்லாம் மயங்கி வரும்."

மனுஷன் இருமத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. "என் சாப்பாட்டுக்குப் பக்கத்துலயா? வெளிய போய்யா!"

போகட்டும். அவர் பெட்டி யாருக்கு வேண்டும்? மூன்று பொட்டலங்களும் உன் அத்தை தைத்துக் கொடுத்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. திருடன் வந்தால் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

போனில் பேசலாமே என்று எழுதியிருந்தாய். போனில் நீ "சரி மாமா, வைக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறாய். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை உன்னால் வைக்க முடியாது. அத்தை போனபின் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்று நினைக்காதே. நான் ஒருவனே நாலு பேருக்குப் பேசிவிடுவேன்.

வீட்டு வாசலில் எறும்புகள் ஒரு செத்த எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். செத்ததென்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? நாடியா பார்க்கின்றன? விஞ்ஞானிக்கு விஞ்ஞானி கேட்கிறேன், பதில் எழுது.

மாமா


மார்ச் 11

அன்புள்ள விஞ்ஞானி மாமாவுக்கு,

பொறிகளைச் சரியாக மாட்டியதற்கு நன்றி. நீங்கள் பாவப்பட்ட அந்தப் பட்டினிப் பொறிதான் எனக்கு உயிர். வாசனைப் பொறியில் ஆண் பூச்சிகள் விழுந்தால் மட்டும் போதாது மாமா. வெறும் பொறியில் விழாமலும் இருக்கவேண்டும். இரண்டிலும் விழுந்தால், "பூச்சி போகிற போக்கில் இடறி விழுந்தது, உன் கலவையைத் தேடி வரவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் தயவுசெய்து அதற்குச் சோறு போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கலவை நானே கலந்தது. பெண் அந்துப்பூச்சி அந்தி நேரத்தில் வயிற்றின் நுனியைத் தூக்கிக்கொண்டு காற்றில் ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது எட்டாது. எங்கோ இருக்கிற ஆண் பூச்சிக்கு, உணர்கொம்பில் ஒரு துளி பட்டால் போதும், எதிர்காற்றில் கிளம்பி வந்துவிடும். அந்தத் துளியைத்தான் ரப்பரில் ஏற்றியிருக்கிறேன். மே கடைசிக்குள் இது வேலை செய்கிறது என்று காட்டவேண்டும். இல்லையென்றால் என் இடத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். எங்கள் தலைவர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. அவர் யார் பக்கமும் சாய்வதில்லை, என் பக்கம் உட்பட.

எறும்பு நாடி பார்ப்பதில்லை, மோந்து பார்க்கிறது. செத்து ஓரிரண்டு நாளானால் உடம்பிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அது மூக்கில் பட்டால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிடும். உயிரோடு இருக்கிற எறும்பின் மேல் அந்த வாசனையைத் தடவினாலும் அப்படித்தான். அது காலை உதைத்துக்கொண்டே போகும், தூக்குகிறவை கேட்காது. திரும்பி வந்தால் மறுபடியும் தூக்கும். தன்னைத் தானே நக்கித் துடைத்து வாசனை போனபிறகுதான் உள்ளே விடும்.

இங்கே எங்களுக்கு வாசனையே கூடாது. வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத துணிப்பொடி, தலைக்கு எண்ணெய் கிடையாது, பூ கிடையாது, உள்ளே சாப்பாடு கிடையாது. பூச்சிகள் குழம்பிவிடும் என்று. போன வாரம் மின்தூக்கியில் ஒரு குழந்தை என் கையை மோந்து பார்த்துவிட்டு அதன் அம்மாவிடம் சொன்னது: "இந்த ஆன்ட்டிக்கு ஒண்ணுமே இல்லம்மா." அன்று முழுக்க அது தலைக்குள்ளேயே இருந்தது.

அத்தையின் காரியத்துக்கு நான் வராததைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. எழுதினால் நன்றாக இருக்கும்.

உங்கள்
மோப்பி


மார்ச் 20

மோப்பிக்கு,

பொறிகளுக்குள்ளிருந்து எடுத்த இந்த வார ஒட்டு அட்டைகள் இரண்டும் இத்துடன் இருக்கின்றன. பின்பக்கம் எது வாசனை, எது பட்டினி என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். கையெழுத்தைக் கவனி. ஏழாவது வரை படித்தவன் எழுத்தா அது? வட்டாட்சியர் எழுத்து.

அட்டையைப் பார்த்தால் அசந்துபோவாய். பூச்சி என்றால் பூச்சி, அப்படி ஒரு கூட்டம்! பட்டினிப் பொறிகூடப் பட்டினி கிடக்கவில்லை. உன் கலவையின் மகிமை இந்தக் கோடிவரை வீசுகிறது என்று இருமலிடமே சொல்லிவிட்டேன்.

எறும்புக் கதையை மூட்டைக்காரர்களிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். எறும்புகள் பாடை கட்டித் தூக்குவதாகவும், முன்னால் ஒன்று சங்கு ஊதிக்கொண்டு போவதாகவும். பூனை என்று ஒருவன் இருக்கிறான், சத்தமில்லாமல் நடப்பான். அவன் கேட்டான்: "சங்க எந்தக் காலால பிடிக்கும் மாமா?" நான் விடுவேனா? "நடுக் காலால. மிச்ச நாலு நடக்க, ஒண்ணு கண்ணத் துடைக்க" என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் வீட்டுக்கு வந்து அந்தக் கதையை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. அத்தை போனபிறகு எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் முகம் கொடுக்காமல் குனிந்து செருப்பைத் தேடுகிறார். மாடிப்படியில் பேச்சு நின்றுவிடுகிறது. நான் காலை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று. என்மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது போல.

காரியத்துக்கு நீ வராததற்கு நான் என்ன எழுத? உனக்கு லீவு கொடுக்கவில்லை. வந்தவர்களிடம், "வெளிநாட்டு மாநாட்டில் பேசிக்கிட்டிருக்கா, மேடையில இருந்து இறங்க முடியல" என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

இன்னொரு விஷயம். இதைக் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகப் பூச்சிகள் என்னைத் தேடி வருகின்றன. பேருந்துக்கு நிற்கும்போது ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்து இறகை விசிறுகிறது. சாயங்காலம் வீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினால், அதைச் சுற்றி நாலைந்து வந்துவிடும். அத்தை பின்னிய ஸ்வெட்டர் அது. வெளிச்சம் அந்த மூலையில், ஸ்வெட்டர் இந்த மூலையில். வெளிச்சத்துக்குப் போகாமல் ஸ்வெட்டருக்கு வருகின்றன! அனுப்புகிறது யார் என்று எனக்குத் தெரியும். உன் புத்தகத்தில் இருக்காது. "வாங்கம்மா, இன்னிக்கு யாரு அனுப்பினது?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். சாப்பாடு இறங்குகிறது.

ஈ காலால் ருசி பார்க்கும் என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தாயே, அதை இருமலிடம் சொன்னேன். அன்றிலிருந்து மனுஷன் சாப்பாட்டை மூடியபடியே சாப்பிடுகிறார்.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

அட்டைகள் கிடைத்தன. போன வார அட்டைகளும்.

எல்லா வாரமும் இரண்டு அட்டையும் நிறைந்திருக்கின்றன. பட்டினிப் பொறியில் ஏறக்குறைய வாசனைப் பொறி அளவுக்கே இருக்கிறது. இதைத் தராசு முன்னால் விரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டம். "பூச்சிக்கு உன் கலவை ஒன்றுதான், வெறும் அட்டையும் ஒன்றுதான்" என்று மட்டும் சொன்னார்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். வெறும் பொறியைப் பார்த்துப் பாவப்பட்டு, நிறைந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, நீங்களாகப் பூச்சிகளைப் பிடித்து ஒட்டினீர்களா? நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். ஆனால் அது என் மூன்று வருட வேலையைக் கெடுத்துவிட்டது.

அத்தை சொல்வாங்களே: "உங்க மாமா சொல்றத நாலால வகுத்துக்கோ. மிச்சம் வந்தா அதயும் விட்டுடு." அட்டையை எப்படி மாமா வகுப்பது?

பூச்சி உங்களைத் தேடி வருகிறது, அத்தை அனுப்புகிறார் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். படிக்க எனக்குத் தெம்பு இல்லை. அட்டை வேண்டும், கதை வேண்டாம்.


ஏப்ரல் 9

உனக்கு,

என் வாய் பொய் சொல்லும். சின்ன வயதிலிருந்து சொல்கிறது, அதற்கு வேறு வேலை தெரியாது. என் கை சொன்னதில்லை. முப்பது வருடமாக இந்தக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறேன். தராசு முள்ளை ஒரு முறை விரலால் தொட்டேன் என்று ஒருவனும் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய்.

பூச்சியை நான் ஒட்டவில்லை.

இனி அட்டை வரும். கதை வராது.


ஏப்ரல் 25

அன்புள்ள மாமா,

அட்டைகள் மட்டும் வந்தன. கூட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உறையைக் கிழித்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

இந்த முறையும் இரண்டும் நிறைந்திருந்தன. என்மேல் கோபமாக இருக்கிறவர் என்னைச் சந்தோஷப்படுத்த எதற்குப் பூச்சி ஒட்டப்போகிறார் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அட்டையைப் பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். முதல் வாரமே வைத்திருக்கவேண்டும். விரலால் பிடித்து ஒட்டியிருந்தால் இறகுச் செதில் உதிர்ந்து வழுக்கையாக இருக்கும். ஒன்றிலும் உதிரவில்லை. எல்லாம் தாங்களே இறங்கி, பசையில் கால் வைத்து, நடக்கப் பார்த்து மாட்டியவை. எல்லாமே ஆண் பூச்சிகள். இடறி விழுகிற கூட்டத்தில் பெண்ணும் கலந்துதான் இருக்கும். ஆண் மட்டும் வந்திருக்கிறது என்றால், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஏதோ கூப்பிட்டிருக்கிறது.

மாமா, உங்கள் கை பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மன்னிப்பு என்று எழுதி அடித்து, மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

பிறகு உங்கள் பழைய கடிதங்களை எடுத்து, வகுக்காமல் படித்தேன். மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அந்த மூன்று பொட்டலங்களை வைத்த, "அத்தை தைத்துக் கொடுத்த இடம்" எது? பொட்டலம் பிரியாமல் இருக்கிறதா? ஸ்வெட்டர் இல்லாமல் நீங்கள் வெளியே போனால் பூச்சி வருகிறதா?

கதையும் எழுதுங்கள். அது இல்லாமல் இந்த அறை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

மோப்பி


மே 1

மோப்பிக்கு,

சரி, போகட்டும். உன் கடிதத்தைப் பூனைக்குப் படித்துக் காட்டினேன், மன்னிப்பு வரியை மட்டும் இரண்டு தரம். ஆராய்ச்சி நிலையமே என்னிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டிருப்பதாக அவன் இப்போது எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான். நான் திருத்தவில்லை.

ஒன்று: பொட்டலங்கள் என் ஸ்வெட்டரின் உள்பையில் இருக்கின்றன. பாதாம் கெடாமலிருக்கக் கிடங்கைக் குளிராக வைத்திருப்பார்கள் அல்லவா, அதற்காக அத்தை எனக்கு ஸ்வெட்டர் பின்னினாள். பின்னி முடித்தபின், "நீங்க எல்லாத்தயும் தொலைச்சிடுவீங்க" என்று நெஞ்சுப் பக்கம் உள்ளே ஒரு பை தைத்தாள். வீட்டுச் சாவி, பேருந்துச் சீட்டு, என் மூக்குக்கண்ணாடி, அவளுடைய ஒரு கொண்டை ஊசி, உன் பொட்டலங்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

இரண்டு: பொட்டலம் பிரியவில்லை. ஆனால் நீ ஒரு தப்புச் செய்திருந்தாய். காற்றுப் புகாமல் அடைத்திருந்தாய். கிடங்கில் எந்தச் சரக்கையும் அடைத்து வைத்தால் புழுங்கி நாறிவிடும். மாவு மூட்டைக்கே மூச்சு வேண்டும். அதனால் மூன்றிலும் அந்தக் கொண்டை ஊசியால் நாலைந்து துளை போட்டு வைத்தேன். உனக்குச் சொல்லிக் காட்டவேண்டாம் என்று விட்டுவிட்டேன். படித்தவர்களும் சில சமயம் மறப்பார்கள்.

மூன்று.

மூன்றாவது கேள்வியை நீ ஏன் கேட்கிறாய் என்று புரிந்துவிட்டது. நான் முட்டாள் இல்லை. வெயில் நாளில் ஸ்வெட்டரை வீட்டில் விட்டுப் போனேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆணிக்கு வந்திருந்தன.

ஸ்வெட்டரைக் கேட்கத்தான் அடுத்த கடிதம் எழுதுவாய். கேட்காதே. பொட்டலத்தை வேண்டுமானால் அனுப்புகிறேன். மேசையை அனுப்புகிறேன். தூணைப் பெயர்த்து அனுப்பச் சொல், இருமலை ஏமாற்றி அனுப்பிவிடுகிறேன். ஸ்வெட்டர் மட்டும் வேண்டாம்.

மாமா


மே 8

அன்புள்ள மாமா,

மூச்சு விடட்டும் என்று துளை போட்டீர்கள். அது மூச்சு விட்டது. உங்கள் நெஞ்சிலிருந்தே விட்டது. கம்பளி நூல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது. நீங்கள் தூணுக்குக் கீழே உட்கார்ந்தால் தூணுக்கு, பேருந்துக்கு நின்றால் அங்கே, ஆணியில் மாட்டினால் ஆணிக்கு. அவை எல்லாம் உங்களைத் தேடித்தான் வந்தன. நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. அதைத்தான் நான் படிக்காமல் விட்டேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அத்தை அனுப்புகிறார் என்று நீங்கள் நினைத்ததை நான் உடைக்கிறேன் என்று தெரியும். உடைக்காமல் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று மூன்று நாள் பார்த்தேன்.

தராசிடம் சொன்னேன். "சொன்னால் போதாது, காட்டு" என்றார். இங்கே நீளமான கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் விசிறி. விசிறி முன்னால் ஸ்வெட்டரை வைத்து, மறுமுனையில் ஆண் பூச்சிகளை விடவேண்டும். அவை எதிர்காற்றில் பறந்து வந்து ஸ்வெட்டரில் இறங்கினால், பட்டினிப் பொறி நிறைந்ததற்கு ஸ்வெட்டர்தான் காரணம் என்று ஆகிவிடும். என் கலவை கம்பளியில் ஊறியும் கூப்பிடுகிறது என்றும் ஆகும். பொட்டலம் போதாது மாமா. ஸ்வெட்டர் வேண்டும். மாதம் முடிவதற்குள்.

அனுப்பாவிட்டால் நான் கோபப்பட மாட்டேன். இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வேறு வேலை தேடிக்கொள்வேன், எனக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும் என்றாலும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கூப்பிட்டது என் ரப்பர்தான். ஆனால் அந்தப் பையை உங்கள் நெஞ்சுப் பக்கம் தைத்தது நானில்லை.

மோப்பி


மே 14

மோப்பிக்கு,

பிஸ்கட் டப்பாவில் வருகிறது. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, அதன்மேல் ஒட்டுநாடா, அதன்மேல் சணல், அதன்மேல் முடிச்சு. அந்த முடிச்சு எனக்கும் செத்துப்போன ஒரு கப்பல்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். இந்த முறை மூச்சுத் துளை போடவில்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

தபால் நிலையத்தில் அந்தப் பெண் கேட்டாள்: "உள்ள என்ன?" "கம்பளிச் சட்டை." "மதிப்பு எவ்வளவு போட?" வாயைத் திறந்தேன். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் நாலு பதில் இருக்கும். "பழசுதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொண்டை ஊசியை எடுத்து வைத்துக்கொண்டேன். அது உன் ஆராய்ச்சிக்கு வேண்டாம்.

மாமா


மே 24

அன்புள்ள மாமா,

கப்பல்காரன் முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். அவரிடம் சொல்லவேண்டாம்.

தராசும் நானும் கூண்டின் பக்கத்தில் நின்றோம். மறுமுனையைத் திறந்ததும் பூச்சிகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு ஒன்று உணர்கொம்பை அசைத்தது. கிளம்பி, இடமும் வலமுமாக நெளிந்து, எதிர்காற்றில் நேராக வந்து, ஸ்வெட்டரின் இடது நெஞ்சில் இறங்கியது. பின்னாலேயே மற்றவை. பை எங்கே இருக்கிறதென்று நாங்கள் தேடவேண்டியிருந்தது, அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மேலேயே சுற்றிச் சுற்றி இறகை விசிறிக்கொண்டு நடந்தன. தராசு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருடைய ஸ்வெட்டர் இது?"

"என் தாய்மாமனுடையது. பெரிய விஞ்ஞானி" என்றேன்.

பழைய அட்டைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். என் இடம் நிலைத்தது.

ஆனால் நான் எழுத நினைத்தது இதையில்லை. கூண்டுக்குப் போவதற்கு முன் பக்கத்து அறையில் தனியாக டப்பாவைத் திறந்தேன். சணல் சாக்கு வாசனை, பாதாம் தூசி, உங்கள் தலை எண்ணெய். அடியில், ரொம்ப அடியில், அத்தையின் துணி அலமாரி. வருடக்கணக்காக எந்த வாசனையும் இல்லாமல் இருந்த மூக்கு, மாமா. முகத்தை அதற்குள் வைத்துவிட்டேன். அப்படிச் செய்யக்கூடாது, அது விதி. தராசு கதவைத் திறந்து பார்த்தார். திரும்ப மூடிவிட்டுப் போனார்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வகுக்கத் தேவையில்லாத மாதிரி எழுதுங்கள்.

மோப்பி


ஜூன் 1

மோப்பிக்கு,

கடிதம் வந்த அன்று கிடங்கில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். என் ஸ்வெட்டருக்கு அரசாங்கம் கண்ணாடிப் பேழை செய்து வைத்திருப்பதாகச் சொன்னேன். இருமல்கூட இருமாமல் கேட்டார்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். ஸ்வெட்டர் போன முதல் இரண்டு சாயங்காலம் அவை ஆணிக்கு வந்தன. வெறும் ஆணியைச் சுற்றின. சுவரில் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். பிறகு வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் செருப்பைத் தேடுகிறார். யாரும் வரவில்லை.

இவ்வளவுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இருந்தாலும் ஒரு விஷயம். நேற்றுச் சாயங்காலம் ஒரு பூச்சி வந்தது. ஒன்றே ஒன்று. ஆணிக்கு வரவில்லை, வெளிச்சத்துக்கும் போகவில்லை. நேராக வந்து சாப்பாட்டு மேசையில், அத்தை உட்காரும் பக்கம், உட்கார்ந்தது. இந்த வீட்டில் இப்போது உன் கலவை ஒரு சொட்டுக்கூட இல்லை. சுவரை நான் தேய்த்துக் கழுவிவிட்டேன். உன் கலவைக்கு ஆண்தான் வரும், பெண் வராது என்று நீதான் எழுதினாய். ஆகவே இது பெண்ணாக இருந்தால், யாரும் கூப்பிடாமல் தானாக வந்தது என்று ஆகிறது. சரியா?

பெண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்த தோரணை அப்படி. ஆனால் நிச்சயமாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. (இதை நான் எழுதியதாக யாரிடமும் சொல்லாதே.) அதைக் கண்ணாடித் தம்ளர் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இறகு முளைத்தபின் இவை ஒன்றும் தின்னாது, ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோதான் உயிரோடு இருக்கும் என்றும் நீதான் முன்பு ஒரு முறை எழுதியிருந்தாய்.

படித்தவர்கள் யாராவது வந்து பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மாமா


ஜூன் 4

மாமா,

தம்ளரை எடுத்துவிடுங்கள். அதற்கும் மூச்சு வேண்டும். பறந்து போனாலும் பரவாயில்லை.

சனிக்கிழமை மாலை வண்டிக்கு வருகிறேன். லீவு கேட்டேன். எதற்கு என்று தராசு கேட்டார். "ஒரு பூச்சி ஆணா பெண்ணா என்று பார்க்கவேண்டும்" என்றேன். ஒரு வாரம் கொடுத்தார்.

நீங்கள் எழுதியதை நான் வகுக்கவில்லை.

தலைக்கு எண்ணெய் எடுத்து வையுங்கள்.

மோப்பி